பொங்கலுக்குக் கொடுத்த சங்கேதக் குறுக்கெழுத்து: விடை தெரிகிறது, வழி தெரியவில்லை

அம்பை_மருமகள் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கல்லிடைக்குறிச்சியில் பிறந்து, இந்தப் பக்கம் அம்பாசமுத்திரத்தில் வாக்கப்பட்டவள் நான். வாரப் பத்திரிகையில் வரும் சாதாரணக் குறுக்கெழுத்தை அடுப்பில் பால் பொங்குவதற்குள் முடித்துவிடுவேன். 'மன்னனின் மனைவி' என்றால் ராணி, 'யானையின் மூக்கு' என்றால் துதிக்கை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

என் மாமனார் வேறு ரகம். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் காப்பி டம்ளரை ஓரமாக வைத்துக்கொண்டு இங்கிலீஷ் பேப்பரில் வரும், குறிப்புக்குள்ளேயே விடையை ஒளித்து வைக்கும் சங்கேதக் குறுக்கெழுத்தைப் போடுவார். அதுவும் பேனாவால். அடித்தல் திருத்தல் கிடையாது. ஒருநாள், "மாமா, இதை எப்படிப் போடுறது?" என்று கேட்டேன். "அதுக்குக் கோணல் புத்தி வேணும்மா, உனக்கு நேர்புத்தி" என்றார். பாராட்டினாரா, மட்டம் தட்டினாரா என்று இன்றைக்குவரை தெரியவில்லை.

இந்தப் பொங்கலுக்கு எங்கள் வாசகர் வட்டத்தில் ஒரு தாள் கொடுத்தார்கள். தமிழில் சங்கேதக் குறுக்கெழுத்து, புதிதாகப் பழகுகிறவர்களுக்கு என்று போட்டிருந்தது. நான் மல்லுக்கட்டிய ஏழு குறிப்புகளைக் கீழே தருகிறேன். பக்கத்தில் இருக்கும் எண் விடையின் எழுத்து எண்ணிக்கை.

அன்பு தையல் மறைத்த பொக்கிஷம் (4)
அணில் தலையோடு வால் சேர்த்துக் கிண்டிய நெல்லைப் பலகாரம் (3)
சிவா, திரும்பப் படி! (2)
பனை தருவது, பதம் முடியுமுன் ஜலம் சேர்ந்தது (4)
கட்டிக்குள் தலைகால் இல்லாத விருப்பம், உடன்குடிச் சரக்கு (6)
அங்காடி பக்கம் தலை போன காயம், பாரதியின் மாமனார் ஊர் (4)
பொருநை, ஐந்துக்கு அப்புறம் (2)

கடைசிக்கு ஆறு. அது சரிதானே? பாரதியின் மாமனார் ஊர் கடையம் என்பது இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். ஆனால் அங்காடியும் காயமும் அங்கே என்ன செய்கின்றன என்று தெரியவில்லை.

பொக்கிஷத்துக்கு 'செல்வம்' என்று எழுதினேன். நாலு எழுத்து, அழகாக உட்கார்ந்தது. நெடுக்காகக் கடையத்தைப் போட்டபோதுதான் இடித்தது. மூன்றாவது கட்டத்தில் 'ய' வரவேண்டும், என் செல்வத்தில் 'வ' நிற்கிறது. பனைக்குப் 'பதனி' என்று எழுதினேன், ஒரு கட்டம் காலியாகப் பல்லைக் காட்டுகிறது. உடன்குடி என்றாலே கருப்பட்டிதான், எண்ணிப் பார்த்தால் ஆறு எழுத்தும் வருகிறது. ஆனால் யாருடைய விருப்பம், எந்தக் கட்டி?

நெல்லைப் பலகாரம் அல்வாதான், இதற்குப் புதிர் வேறு வேண்டுமா. ஆனாலும் அந்த அணில் என்னைத் தூங்கவிடவில்லை. அணிலின் தலை 'அ', வால் 'ல்'. நடுவில் 'வா' எங்கிருந்து வந்தது?

சிவா யார் என்று சத்தியமாகத் தெரியாது.

மாமாவிடம் போய் நிற்க மனசில்லை. விடையை மட்டும் சொல்லிவிட்டுப் போகாமல், எப்படி யோசிக்கவேண்டும் என்று யாராவது சொல்லுங்களேன்.


ஜங்ஷன்_பையன் எழுதியது:

அக்கா, நான் திருநெல்வேலி ஜங்ஷன். இப்போது பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை, ரயிலில் வரும்போதும் போகும்போதும் இங்கிலீஷ் சங்கேதப் புதிர்தான் துணை. நீங்கள் தனி ஆள் இல்லை. லண்டன் டைம்ஸ் பத்திரிகை 1930-இல் இருந்து குறுக்கெழுத்துப் போடுகிறது. புதியவர்கள் பயந்து ஓடுகிறார்கள் என்றுதானோ என்னவோ, 2014-இல் பழகுகிறவர்களுக்கென்று தினமும் ஒரு சின்னப் புதிரைத் தனியாகத் தொடங்கினார்கள். 15-க்கு 15 கட்டத்துக்குப் பதில் 13-க்கு 13. கார்டியன் பத்திரிகையும் 2024-இல் அதே வழியில் இறங்கியது. என்னென்ன வகைக் குறிப்புகள் வரும் என்பதையும் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். நான் அதில்தான் பழகினேன்.

ஒரே ஒரு விதி சொல்கிறேன். ஒவ்வொரு குறிப்பிலும் நேரான அர்த்தம் ஒன்று இருக்கும். அது ஆரம்பத்தில் இருக்கும், இல்லாவிட்டால் கடைசியில் இருக்கும். நடுவில் வராது. மீதிச் சொற்கள் அதே விடையை எழுத்து எழுத்தாகச் செய்யும் வழி. ஆக, விடை இரண்டு தடவை கிடைக்கிறது. உங்கள் வாரப் பத்திரிகைப் புதிரில் ஒரு தடவைதான்.

உங்கள் ஆறு சரி. அதில் மட்டும் எழுத்து வேலை இல்லை, இரண்டு அர்த்தம் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறது. பொருநையும் ஆறு, ஐந்துக்கு அப்புறமும் ஆறு.

சிவாவுக்கு ஒரு கதை. இந்த மாதிரிக் குறிப்புக்காகச் சொல்லைத் திருப்பிப் போடும் சின்ன நிரல் ஒன்று எழுதினேன். 'சிவா' கொடுத்தால் முன்னால் ஒரு கால் மட்டும் அந்தரத்தில் தொங்க, பின்னால் ஏதோ கந்தரகோளம் வந்தது. கம்ப்யூட்டருக்குள் 'சி' என்பது ஒரு எழுத்து இல்லை, ச தனி, இகரக் குறி தனி. அப்புறம் உயிர்மெய்யைச் சேர்த்துப் பிடிக்க வைத்துச் சரிசெய்தேன். நீங்கள் கையாலேயே திருப்பிப் பாருங்கள், ஒரு நொடி.


ஈயஎழுத்து எழுதியது:

தங்கச்சி, தம்பி சொன்ன விதி சரி. அதை எப்படிக் கையில் பிடிப்பது என்று நான் சொல்கிறேன். நான் கம்பாசிட்டர். 1974-இல் பதினாறு வயதில் பாளையங்கோட்டையில் ஒரு அச்சகத்தில் சேர்ந்தேன். ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, ஸ்டிக் என்கிற கைச்சட்டத்தில் கோக்கிற வேலை. கம்ப்யூட்டர் வந்து, எழுத்து வைக்கிற அறைப்பெட்டிகளான எங்கள் கேஸ்களை எடைக்குப் போடும்வரை அதுதான் சோறு போட்டது.

முதல் மாதம் நான் செய்த தப்பு, நீ இப்போது செய்கிற தப்புதான். நான் கோத்துக்கொண்டிருந்தது ஒரு தொடர்கதை. கதை சுவாரஸ்யம், நாயகி கிணற்றடியில் நிற்கிறாள். நான் அவள் கூடவே போய்விட்டேன். புரூஃபில் பார்த்தால் வரிக்கு இரண்டு பிழை. போர்மேன் அண்ணாச்சி முதுகில் ஒன்று வைத்துச் சொன்னார்: "எல, எழுத்தைப் பாரு, சேதியைப் பாக்காத." சங்கேதப் புதிருக்கு அதைவிட நல்ல பாடம் இல்லை. புதிர் போடுகிறவன் உன்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போகத்தான் வாக்கியத்தை அவ்வளவு அழகாக எழுதுகிறான். போகாதே.

இப்போது உன் அணில். அணில் என்றதும் உனக்கு முருங்கைமரத்தில் ஓடுகிற அணில் தெரிந்தது. அதற்குத் தலை உண்டு, வால் உண்டு, ஆகவே வாலையும் அதிலேயே தேடினாய். குறிப்பை மறுபடி பார். 'அணில் தலையோடு' என்று ஒன்று, 'வால்' என்று ஒன்று. வால் அணிலுடையது என்று எங்கே எழுதியிருக்கிறது? அணிலின் தலை 'அ'. வால் என்பது வால்தான், 'வா', 'ல்' என்று இரண்டு ஈயத் துண்டு. மூன்றையும் சட்டியில் போட்டுக் 'கிண்டினால்' இடம் மாறி அல்வா. கிண்டுவது என்ற சொல்லை வைத்தானே, அவனுக்கு ஒரு கும்பிடு. அல்வா கிண்டுகிற ஊரில் அந்தச் சொல்லை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். 'குழம்பிய', 'கலங்கிய', 'சிதறிய', 'உருண்ட' இப்படி எது வந்தாலும் எழுத்து இடம் மாறுகிறது என்று உஷாராகிவிடு.

தையல் கடைக்கு வா. மறைத்த என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டான். எதில் மறைத்தது? 'அன்பு தையல்' என்ற எழுத்து வரிசையில். இடைவெளியை மறந்துவிட்டு அன்புதையல் என்று ஒரே மூச்சில் கோத்துப் பார். 'அன்' போனால் மீதி புதையல். மூன்றாவது கட்டத்தில் உன் 'ய'வும் சரியாக விழுகிறது. எங்கள் அச்சகத்தில் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே வைக்கிற இடைவெளிகூட ஒரு ஈயத் துண்டுதான். அதைப் பிடுங்கினால் இரண்டு சொல் ஒன்றாகிவிடும். புதிர் போடுகிறவன் அதைப் பிடுங்கிவிடுகிறான், அவ்வளவே.

எழுத்து எண்ணுவதில் ஒரு சங்கதி. 'தை' எங்களுக்கு இரண்டு துண்டு, ஐகாரக் கொம்பு தனி, த தனி. 'கொ' மூன்று துண்டு. 1978-இல் அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவரும்வரை 'லை', 'னை'க்கெல்லாம் தும்பிக்கை வைத்த அச்சு தனியாக இருந்தது, ஒரே துண்டு. கேஸில் அந்த அறைகள் காலியானபோது என்னவோ போல இருந்தது எனக்கு. அது கிடக்கட்டும். குறுக்கெழுத்தில் கம்பாசிட்டர் கணக்கு செல்லாது, இலக்கணக் கணக்குதான். உயிர் ஒன்று, புள்ளி வைத்த மெய் ஒன்று, உயிர்மெய் ஒன்று.

பதனி என்று எழுதியதில் தப்பில்லை, நம் வாயில் வருவது அதுதான். கட்டம் நாலு என்றதும், எழுதும்போது எப்படி எழுதுவோம் என்று யோசித்திருக்கவேண்டும். 'பதம்' முடியுமுன் நிறுத்தினால் 'பத'. ஜலம் என்றால் நீர். பதநீர். இங்கே நேர் அர்த்தம் ஆரம்பத்தில் இருந்தது, 'பனை தருவது'.

கருப்பட்டியைத்தான் நான் மூன்று நாளாக நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன். விருப்பம் என்பதை எழுத்தாகப் பிரி: வி, ரு, ப், ப, ம். தலை 'வி'யைத் தட்டு, கால் 'ம்'மைத் தட்டு. ருப்ப. தனியாகப் பார்த்தால் அர்த்தமே இல்லாத துண்டு. இதைக் 'கட்டி'க்குள் நுழை. க, அப்புறம் ருப்ப, அப்புறம் ட்டி. பார்த்தாயா? கருப்பட்டி இருப்பதே கட்டியாகத்தான். சிரட்டையில் ஊற்றி எடுத்த கட்டிக்குள்ளேயே சொல்லை ஒளித்து வைத்திருக்கிறான்.

சிவாவைத் தம்பி பாதி சொல்லிவிட்டான். ஸ்டிக்கில் எழுத்து தலைகீழாகத்தான் நிற்கும், கண்ணாடியில் பார்க்கிற மாதிரி. எங்களுக்குத் திருப்பி வாசிப்பது பழக்கம். சிவாவைத் திருப்பினால் வாசி. வாசி என்றால் படி. 'திரும்பப் படி' என்று நீ சேர்த்துப் படித்தாய். எங்கே வெட்டவேண்டும் என்றால், 'சிவா திரும்ப' என்று ஒரு துண்டு, 'படி' என்று ஒரு துண்டு. படி என்றதும் உழக்கு, படி, மரக்கால் என்றோ மாடிப்படி என்றோ போகலாம். அதுவும் அவன் வைத்த பொறிதான்.

கடையம் உனக்கு நேராக வந்துவிட்டதால் வழியைப் பார்க்கவில்லை. அங்காடி என்றால் கடை. காயத்தின் தலை போனால் 'யம்'. பக்கத்தில் வைத்தால் கடையம். நானாக இருந்தால் அங்காடியைப் போட்டிருக்க மாட்டேன். கடை என்ற சொல் எவ்வளவு பெரிய களவாணி தெரியுமா? பலசரக்குக் கடையும் கடை. கடைசி என்ற அர்த்தத்திலும் கடை, அப்போது 'வீட்டுக் கடை' என்றால் 'டு'. மோர் கடைகிற கடையும் அதுவே, அப்போது எழுத்தைக் கலக்கு என்று பொருள். ஒரே சொல் மூன்று வேலை பார்க்கும். இனி எந்தக் குறிப்பில் கடையைப் பார்த்தாலும் வாசலிலேயே நின்று நாலு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே போ.

உன் மாமனார் சொன்ன கோணல் புத்தியெல்லாம் ஒன்றும் வேண்டாம்.


சந்திப்பிழை எழுதியது:

அண்ணாச்சியின் விளக்கத்துக்குப் பிறகு நான் சொல்ல அதிகம் இல்லை. ஆனாலும் முப்பது வருஷம் தமிழ் வகுப்பு எடுத்தவள், சும்மா போக முடியவில்லை.

'அன்பு தையல்' என்பதில் ஒற்று மிகாமல் விட்டிருக்கிறார்கள். தையல் என்றால் பெண் என்றும் பொருள். அன்புடைய பெண் என்று கொண்டால் 'அன்புத் தையல்' என்று 'த்' வந்தாக வேண்டும். 'த்' வந்தால் புதையல் போச்சு, 'புத்தையல்' ஆகிவிடும்! அன்பு என்பவர் நடத்தும் தையல் கடையின் பெயர்ப்பலகை என்று வைத்துக்கொண்டால் மன்னிக்கலாம். நம் ஊர்ப் பெயர்ப்பலகைகளில் ஒற்றைத் தேடினால் கண் வலிதான் மிச்சம். இங்கிலீஷில் இந்தத் தொல்லை கிடையாது. தமிழில் புதிர் போடுகிறவர் சந்தியையும் சமாளித்துக்கொண்டு மறைக்கவேண்டும்.

இன்னொன்று. இதை ஏதோ சீமைச் சரக்கு என்று நினைக்கிறோம். கட்டம் போட்ட குறுக்கெழுத்து நியூயார்க்கில்தான் 1913 டிசம்பரில் பிறந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் எழுத்தை வைத்து விளையாடுவது நமக்குப் புதிதா? தண்டியலங்காரம் என்ற அணி இலக்கண நூல், சித்திரகவி என்னும் எழுத்து விளையாட்டுப் பாடல் வகைகளைப் பட்டியல் போடுகிறது. ஒரு செய்யுளின் எழுத்துகளுக்குள் இன்னொரு செய்யுளை ஒளித்து வைப்பது கரந்துறை செய்யுள். அன்பு தையலுக்குள் புதையல் அந்த இனம். ஒரு சொல்லில் எழுத்தை ஒவ்வொன்றாக நீக்க நீக்க வேறு வேறு சொல் கிடைப்பது அக்கரச்சுதகம். தலை போன காயத்தைப் பார்த்ததும் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. திருப்பிப் படித்தாலும் மாறாதது மாலைமாற்று, சம்பந்தர் ஒரு பதிகமே அப்படிப் பாடியிருக்கிறார். ஆற்றுக் குறிப்பு வெறும் சிலேடை, காளமேகப் புலவருக்குக் காலை ஆகாரம்.

மகளே, உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். நீங்களே ஒரு குறிப்பு எழுதிப் பாருங்கள். போடக் கற்றுக்கொண்டால் அவிழ்ப்பது தன்னால் வரும்.


அம்பை_மருமகள் எழுதியது:

அண்ணாச்சி, டீச்சர், தம்பி, மூன்று பேருக்கும் நன்றி. தாளின் பின்பக்கத்தில் இன்னும் ஒன்பது குறிப்பு இருந்தது. நேற்று மத்தியானம் பாத்திரம் கழுவிப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். ஆறு வந்துவிட்டது. ஒன்றில் 'கடை' இருந்தது. அண்ணாச்சி சொன்னபடி வாசலில் நின்று பார்த்தேன், மோர் கடைகிற கடைதான்! கத்தியே விட்டேன். அத்தை என்னமோ ஏதோ என்று ஓடிவந்துவிட்டார்கள்.

டீச்சர் கொடுத்த வீட்டுப்பாடமும் செய்தேன். இதோ:

எந்தப் பக்கம் திருப்பினாலும் மாறாத எங்கள் வீட்டுப் பெரியவர் (2)


ஜங்ஷன்_பையன் எழுதியது:

அக்கா, இது பிரமாதம். விடையை இங்கே போடமாட்டேன், அவர் இதைப் படித்தாலும் படிப்பார்.


சந்திப்பிழை எழுதியது:

மாலைமாற்றேதான். ஒரு குறை: 'எங்கள் வீட்டுப் பெரியவர்' உங்கள் வீட்டுக்கு மட்டும் பொருந்தும் அர்த்தம். வெளியாள் எப்படிக் கண்டுபிடிப்பார்? 'அத்தைக்கு வீட்டுக்காரர்' என்று மாற்றினால் யாருக்கும் பொருந்தும்.


அம்பை_மருமகள் எழுதியது:

டீச்சர், மாற்றிவிட்டால் அவருக்கு உறைக்காதே! சரி, ஊருக்குக் கொடுக்கும்போது மாற்றிவிடுகிறேன்.

இன்று காலை அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் காப்பி டம்ளருக்கு அடியில் வைத்தேன். எடுத்துப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். நான் அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இங்கிலீஷ் பேப்பர் மடித்தபடியே கிடக்கிறது. காப்பி ஆறிவிட்டது. கடைசியில் 'தாத்தா' என்று பேனாவால் எழுதிவிட்டு, "திருப்பினாலும் தாத்தாதான், ஆனா மூணு எழுத்து வருதே, நீ தப்பா எண்ணிட்டியாம்மா?" என்கிறார். எண்ணிக்கை சரிதான் மாமா என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.